இயற்கை உரம் செடியைக் கெடுக்குமா? சாணி உரத்தில் தங்கும் களைக்கொல்லியும் அதைக் கண்டுபிடிக்கும் எளிய சோதனையும்

கோல சிலாங்கூர் – தோட்டத்தை விட்டுத் தாமான் வீடுகளுக்கு மாறி வந்த குடும்பங்கள் பலவற்றில் ஒரு பழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை. வீட்டின் முன்னாலோ பின்னாலோ கிடைக்கும் சிறு இடத்தில் கறிவேப்பிலை, முருங்கை, மிளகாய், கத்தரி, வெண்டை, பயற்றங்காய் என்று எதையாவது நட்டு வைப்பார்கள். அதற்கு உரம் என்றால் பெரும்பாலும் சாணி உரம்தான். செம்பனைக்கு அடியில் மேயும் மாடுகளின் சாணத்தை மூட்டையாக வாங்கி வந்து, சமையலறைக் கழிவோடும் காய்ந்த இலைகளோடும் சேர்த்து மக்க வைப்பார்கள்.

இப்படிப் போட்ட உரத்தில் சில வேளைகளில் செடி விநோதமாக வளரும். விதை ஒழுங்காக முளைக்கும். முதல் இரண்டு இலைகளும் நன்றாகவே வரும். அதற்குப் பின் வரும் இலைகள் கிண்ணம் போல் குவியும். கொழுந்து முறுக்கிக்கொள்ளும். தக்காளி இலை பெரணிச் செடியின் இலையைப் போல ஒடுங்கிப் போகும். பூ உதிரும், காய் பிடிக்காது. மண் சரியில்லை என்பார் ஒருவர், வைரஸ் என்பார் இன்னொருவர், கண்பட்டுவிட்டது என்பார் மற்றொருவர். உரத்தைச் சந்தேகிப்பவர்கள் குறைவு. இயற்கை உரம் நல்லது மட்டுமே செய்யும் என்பது பொதுவான நம்பிக்கை.

அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. ஆனால் புல்லிலும் வைக்கோலிலும் அடிக்கப்பட்ட சில களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றைக் கடந்து, உரக்குவியலின் சூட்டையும் தாண்டி, தொட்டியில் இருக்கும் பயற்றங்காய்ச் செடி வரை வந்து சேரக்கூடியவை. அவை எவை, எவை அப்படி இல்லை, வாங்கிய உரத்தை நிலத்தில் கொட்டும் முன் வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது என்பதை வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. தவறினால் மூன்று மாத உழைப்பு வீணாகும். மூட்டை உரம் விற்றுப் பிழைக்கும் சிறு வியாபாரியின் பெயரும் கெடும்.

தோட்டமும் மருந்தும்

மலேசியச் செம்பனையின் வரலாறு இந்த மாவட்டத்தில்தான் தொடங்குகிறது. 1917ஆம் ஆண்டு, பிரெஞ்சுக்காரரான ஹென்ரி ஃபோகோனியே நாட்டின் முதல் வணிகச் செம்பனைப் பயிரை நட்டது, இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பத்தாங் பெர்ஜுந்தை அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில். அந்தத் தோட்டத்தின் பெயரே தமிழ்ச் சொல். அதன் பின் ரப்பர், செம்பனை இரண்டிலும் களை எடுப்பது முதலில் கொத்தும் கத்தியுமாக இருந்து, பிறகு மருந்தடிப்பாக மாறியது. ரப்பர் தோட்டங்களில் லாலாங் புல்லைக் கொல்ல ஆர்செனிக் கலந்த சோடியம் ஆர்செனைட் அடிக்கப்பட்ட காலம் உண்டு. 1962இல் சந்தைக்கு வந்த பாராகுவாட் அதன் இடத்தைப் பிடித்தது. கிராமோக்சோன் என்ற பெயரில் தோட்டத்து மக்கள் அனைவரும் அறிந்த மருந்து அது.

முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழ்ப் பெண்கள். நகம் கழன்று விழுவது, மூக்கில் இரத்தம் வடிவது, தோல் எரிச்சல், கண் பார்வை மங்குவது ஆகியவை அவர்கள் அன்றாடம் அறிந்தவை. 2002இல் தெனாகானித்தா அமைப்பும் பூச்சிக்கொல்லி எதிர்ப்புச் செயல் வலையமைப்பின் ஆசிய பசிபிக் பிரிவும் இணைந்து, தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களின் நிலை பற்றி ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டன. அதே ஆண்டு ஆகஸ்டில் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்த அரசாங்கம் முடிவு செய்தது. 2006இல் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல் நாட்டில் பாராகுவாட் முற்றாகத் தடை செய்யப்பட்டது.

இந்த வரலாற்றால் தோட்டத்துக் குடும்பங்களில் மருந்து என்றாலே ஓர் அச்சம் ஊறியிருக்கிறது. அது நியாயமான அச்சம். ஆனால் உரத்தைப் பொறுத்தவரை அது தவறான இடத்தைக் காட்டுகிறது.

மனிதனுக்கு ஆபத்து வேறு, செடிக்கு ஆபத்து வேறு

பாராகுவாட்டைக் குடித்தால் மாற்று மருந்து கிடையாது. நுரையீரல் கெட்டு உயிர் போகும். ஆனால் அதே பாராகுவாட் மண்ணில் விழுந்தவுடன் களிமண் துகள்களோடு இறுகப் பிணைந்துகொள்கிறது. அது எளிதில் சிதைவதில்லை; பல ஆண்டுகள் மண்ணிலேயே கிடக்கும். ஆனால் வேர் அதை உறிஞ்ச முடியாது. அதனால்தான் பாராகுவாட் அடித்த இடத்தில் சில நாள்களிலேயே மறுபடியும் புல் முளைக்கிறது.

இதற்கு நேர் எதிரானது இன்னொரு வகை. குளோபைராலிட், அமினோபைராலிட், பிக்ளோராம் ஆகிய மூன்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த களைக்கொல்லிகள். மனிதனுக்கும் மாட்டுக்கும் உடனடி நச்சுத்தன்மை குறைவு. ஆனால் தக்காளி, பயறு, கத்தரி, உருளைக்கிழங்கு, சூரியகாந்தி, சாலட் கீரை போன்ற செடிகளுக்கு இவை பெரும் எதிரி. உரத்தில் நூறு கோடிப் பங்கில் 1 முதல் 10 பங்கு வரை இருந்தாலே இவற்றின் இலை முறுக்கிக்கொள்ளும். நூறு கோடிப் பங்கில் ஒரு பங்கு என்பது ஆயிரம் டன் உரத்தில் ஒரே ஒரு கிராம்.

இந்த மருந்துகள் செடியின் வளர்ச்சி ஹார்மோனைப் போல வேடமிடுகின்றன. எங்கே வளர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்ற கட்டளை குழம்பிப் போவதால் செடி தன் போக்கில் முறுக்கி வளர்ந்து சாகிறது. அகன்ற இலைச் செடிகளுக்கு மட்டுமே இந்தத் தொல்லை. புல், நெல், சோளம், கரும்பு போன்ற புல்லினப் பயிர்களை இவை பெரிதாகத் தாக்குவதில்லை. ஆகவே புல்தரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் களையை மட்டும் கொல்ல இவை வசதியாக இருக்கின்றன. புல் பசுமையாகவே நிற்கும். மாடு அதைத் தின்னும். மருந்து மாட்டின் உடலில் பெரிதாகச் சிதையாமல் சிறுநீரிலும் சாணத்திலும் வெளியேறும்.

மருந்துக் கலனின் லேபிளில் உள்ள வண்ணப் பட்டையும் இந்த இடத்தில் உதவாது. மலேசியாவில் கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை என்று நச்சு வகைப்படி பட்டை போடப்படுகிறது. அது மனிதனுக்கு உள்ள உடனடி ஆபத்தின் அளவு. அந்த மருந்து புல்லிலும் சாணத்திலும் எத்தனை மாதம் தங்கும் என்பதை அது சொல்லாது. வெள்ளைப் பட்டை போட்ட மருந்து அடித்த புல்லிலிருந்து வந்த சாணம், கறுப்புப் பட்டை மருந்தைவிடப் பயற்றங்காய்க்குக் கெடுதலாக இருக்கக்கூடும்.

மக்கினால் போய்விடாதா?

பெரும்பாலான மருந்துகள் போய்விடும். சரியாகக் குவித்து, காற்றோட்டமும் ஈரமும் கொடுத்த உரக்குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசைத் தாண்டிச் சூடேறும். அந்தச் சூட்டில் பெருகும் நுண்ணுயிர்கள் பல வகை மருந்துகளையும் உடைத்து உணவாக்கிக்கொள்கின்றன. ஆனால் மேலே சொன்ன மூன்றின் மூலக்கூறு குளோரின் அணுக்கள் பொருந்திய வளையம். நுண்ணுயிர்கள் அதை மெதுவாகத்தான் உடைக்கும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மக்கும்போது குவியல் பாதியாகச் சுருங்குகிறது. மருந்து அதே வேகத்தில் சிதையாவிட்டால், மிஞ்சிய உரத்தில் அதன் செறிவு முன்பைவிடக் கூடிவிடும்.

இது நடந்த கதை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போக்கேன் நகர நிர்வாகம் வீடுகளில் வெட்டிய புல்லைச் சேகரித்து உரமாக்கி விற்றது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அந்த உரத்தைப் போட்டவர்களின் தக்காளியும் பயறும் முறுக்கிப் போயின. புல்தரைக்கு அடித்த குளோபைராலிட்தான் காரணம் என்று தெரிந்தது. அதன் பின் 2002இல் வீட்டுப் புல்தரைகளுக்கு அந்த மருந்தைப் பயன்படுத்துவது அங்கே கட்டுப்படுத்தப்பட்டது. 2008இல் பிரிட்டனில் குதிரை, மாட்டுச் சாணம் வாங்கிப் போட்ட வீட்டுத் தோட்டக்காரர்கள் பலர் இதே பாதிப்பைக் கண்டார்கள். அங்கே குற்றவாளி அமினோபைராலிட். அதன் விற்பனை அந்த ஆண்டு நிறுத்தி வைக்கப்பட்டு, மறு ஆண்டு புதிய கட்டுப்பாடுகளோடு மீண்டும் அனுமதிக்கப்பட்டது. 2012இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு பொதுத் துறை உர நிலையம், நூற்றுக்கணக்கான தோட்டக்காரர்களின் புகாருக்குப் பின் விற்பனையை நிறுத்த வேண்டி வந்தது.

மூன்று இடங்களிலும் உரம் தயாரித்தவர்கள் எந்த மருந்தையும் தெளிக்கவில்லை. அவர்களுக்கு வந்த புல்லும் சாணமும்தான் மருந்தைச் சுமந்து வந்தன.

இந்த வட்டாரத்தில் எங்கிருந்து வரக்கூடும்?

செம்பனைத் தோட்டங்களில் இன்று அதிகம் அடிபடும் களைக்கொல்லிப் பெயர்கள் கிளைபோசேட், குளுபோசினேட் அம்மோனியம், மெட்சல்புரோன் மெத்தில், டிரைக்ளோபைர், 2,4-டி ஆகியவை. இவை ஒவ்வொன்றும் உரத்தில் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

கிளைபோசேட் மண்ணோடு பிணைந்துகொண்டு, நுண்ணுயிர்களால் வாரங்கள் அல்லது மாதங்களில் உடைக்கப்படுகிறது. குளுபோசினேட் அதைவிட வேகமாகச் சிதையும். 2,4-டி ஹார்மோன் வகை என்றாலும், ஈரமான வெப்ப மண்ணில் ஓரிரு வாரங்களில் பாதியாகக் குறைந்துவிடும். கட்டைச் செடிகளையும் புதரையும் அழிக்க அடிக்கும் டிரைக்ளோபைர், மேலே சொன்ன மூன்று பிடிவாத மருந்துகளுக்கு உறவு. ஆனால் அவற்றைப் போல் நீண்ட காலம் தங்குவதில்லை. மண்ணில் பொதுவாக ஒரு மாதம் அல்லது சற்றுக் கூடுதலான காலத்தில் பாதியாகும். மெட்சல்புரோன் ஹெக்டருக்குச் சில கிராம் அளவிலேயே வேலை செய்யும் மருந்து. அமிலத் தன்மையுள்ள மண்ணில் விரைவாகவும், சுண்ணாம்புச் சத்துள்ள இடத்தில் மெதுவாகவும் சிதையும். அது தங்கியிருந்தால் இலை முறுக்காது. செடி குட்டையாக, மஞ்சளாக, வேர் ஓடாமல் நிற்கும்.

இதிலிருந்து தெரிவது: நன்றாக மக்கி ஆறு மாதம் கடந்த சாணி உரத்தில் இந்த ஐந்தினால் வரும் ஆபத்து குறைவு. நேற்று மருந்தடித்த இடத்தில் மேய்ந்த மாட்டின் இன்றைய சாணம் என்றால் கவனம் தேவை.

வைக்கோல் இன்னொரு வழி. தஞ்சோங் காராங், செகிஞ்சான், சபாக் பெர்ணம் வரை நீளும் வயல்வெளியில் காட்டு நெல் ஒரு பெரிய தலைவலி. மலாய்க்காரர்கள் பாடி ஆங்கின் என்று அழைக்கும் இந்தக் களை, நாட்டில் முதன்முதலில் 1988இல் இந்த வடமேற்குச் சிலாங்கூர் வயல்களில்தான் கண்டறியப்பட்டது. அதுவும் நெல் இனமே என்பதால், சாதாரண மருந்து நெல்லையும் சேர்த்துக் கொன்றுவிடும். அதற்காக மார்டியும் பாஸ்ஃப் நிறுவனமும் சேர்ந்து, ஒரு குறிப்பிட்ட மருந்தைத் தாங்கும் நெல் விதையை 2010இல் அறிமுகம் செய்தன. அந்த விதையோடு அடிக்கப்படும் மருந்தில் இமாசாபிக், இமாசாபைர் என்ற இரண்டு பொருள்கள் உள்ளன. இரண்டும் மண்ணில் நெடுநாள் தங்கக்கூடியவை. தாங்கும் சக்தி இல்லாத நெல்லை அடுத்துப் போட்டால் அதையே பாதிக்கக்கூடும் என்று விவசாயிகளுக்கு எச்சரிக்கப்படுகிறது. வயலிலிருந்து வைக்கோலோ வயல் மண்ணோ எடுத்து வந்து காய்கறிக்குப் போடுபவர்கள், அந்தப் பருவத்தில் அங்கே என்ன விதை, என்ன மருந்து என்று கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாவது வழி, வெட்டிய புல். தாமான் பூங்கா, பள்ளித் திடல், கோயில் வளாகம் போன்ற இடங்களில் வெட்டிய புல்லை இலவசமாக அள்ளி வரலாம். களை மருந்து அடித்த புல்தரையாக இருந்தால் அதுவும் உரக்குவியலுக்கு வந்துவிடும். நான்காவது, குதிரைச் சாணம். குதிரை லாயங்களில் இறக்குமதியான உலர்புல் தீனியாவதுண்டு; அந்தப் புல் வளர்ந்த நாட்டில் எந்த மருந்து அடிக்கப்பட்டது என்று இங்கே யாருக்கும் தெரியாது.

ஐந்தாவது வழிதான் மிகச் சாதாரணமானது. மருந்தடித்துவிட்டு வந்தவர் பம்பைக் கழுவி, அந்த நீரைக் கொல்லையில் ஊற்றுவது. உரக்குவியல் பக்கத்தில் இருந்தால் மருந்து நேராக அதில் இறங்கும்.

எல்லாப் பழியும் மருந்துக்கு அல்ல

உரம் போட்டுச் செடி கெட்டால் உடனே களைக்கொல்லி என்று முடிவு கட்டுவதும் தவறு. அதைவிட அதிகமாக நடப்பது மக்காத உரத்தினால் வரும் கேடு.

பச்சைச் சாணத்திலும், குறிப்பாகக் கோழிச் சாணத்திலும் அம்மோனியாவும் உப்பும் அதிகம். அவை இளம் வேரைச் சுட்டுவிடும். காற்றில்லாமல் அழுகிய குவியலில் புளித்த வாடை வரும். அது வேருக்கு ஆகாத அமிலங்களின் வாடை. செம்பனை ஆலையிலிருந்து வரும் வெறுங்குலையும் அப்படித்தான். ஆலைக்குப் போகும் குலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பழம் உதிர்த்த வெறுங்குலையாகவே வெளியே வருகிறது. நல்ல உரப் பொருள்தான். ஆனால் அதில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்துக் குறைவு. அரைகுறையாக மக்கியதைத் தொட்டியில் போட்டால், நுண்ணுயிர்கள் மண்ணில் இருக்கும் தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். செடி வெளிறிப் போய் நிற்கும்.

அடையாளம் கண்டுகொள்வது கடினமல்ல. உப்பாலும் அம்மோனியாவாலும் பாதிக்கப்பட்ட செடியின் இலை ஓரம் கருகும். விதை முளைக்காது அல்லது முளைத்தவுடன் சாயும். தழைச்சத்துப் பற்றாக்குறையில் அடி இலைகள் மஞ்சளாகும். வைரஸ் என்றால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பரவும். இலைக்கு அடியில் வெள்ளை ஈயைக் காணலாம். ஹார்மோன் வகைக் களைக்கொல்லி என்றால், அந்த உரம் பட்ட தக்காளி, பயறு, கத்தரி எல்லாம் ஒரே நேரத்தில், புதுக் கொழுந்தில் முறுக்கிக்கொள்ளும். அதே உரத்தில் பக்கத்தில் நிற்கும் சோளமும் செராயும் ஒன்றுமே நடக்காதது போல் வளரும்.

வீட்டிலேயே செய்யும் இரண்டு சோதனைகள்

நூறு கோடியில் ஒரு பங்கு மருந்தைக் கண்டறியச் சிறப்பு ஆய்வுக்கூடம் வேண்டும், செலவும் அதிகம். ஆனால் அந்த அளவைக் கண்டறியும் கருவி ஒவ்வொரு மளிகைக் கடையிலும் கிடைக்கிறது. அது விதை.

முதல் சோதனை, உரம் மக்கிவிட்டதா என்பதைப் பார்க்க. இத்தாலிய ஆய்வாளர் சுக்கோனியும் அவருடைய குழுவினரும் 1981இல் வெளியிட்ட முறை இது. உலகம் முழுவதும் இன்றும் பயன்படுகிறது. அவர்கள் கடுகுக் குடும்பத்து விதை ஒன்றைப் பயன்படுத்தினார்கள். வீட்டில் கடுகே போதும். ஒரு பங்கு உரத்தைப் பத்துப் பங்கு நீரில் கலக்கி, சில மணி நேரம் வைத்து, துணியில் வடிகட்ட வேண்டும். இரண்டு தட்டுகளில் டிஷ்யூ காகிதத்தை மடித்து வைத்து, ஒன்றை வடிநீராலும் மற்றதைச் சாதாரண நீராலும் நனைக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் 20 கடுகைப் பரப்பி மூடி, மூன்று நாள் நிழலில் வைக்கலாம்.

மூன்றாம் நாள் முளைத்த விதைகளை எண்ணி, வேரின் நீளத்தை அளக்க வேண்டும். சாதாரண நீரில் 20 விதையும், வடிநீரில் 18 விதையும் முளைத்தால் அது 90 விழுக்காடு. சாதாரண நீரில் வேர் சராசரி 3 சென்டிமீட்டர், வடிநீரில் 2.4 சென்டிமீட்டர் என்றால் அது 80 விழுக்காடு. இரண்டையும் பெருக்கி நூறால் வகுத்தால் 72. இந்த எண் 80க்கு மேல் இருந்தால் உரம் பக்குவம். 50க்குக் கீழே என்றால் அது இன்னும் நஞ்சு. இந்த எடுத்துக்காட்டில் வந்த 72க்கு, குவியலைக் கிளறிவிட்டு இன்னும் சில வாரங்கள் பொறுத்திருப்பது நல்லது.

இந்தச் சோதனையில் ஒரு குறை உண்டு. ஹார்மோன் வகை மருந்து மிகச் சிறிய அளவில் இருந்தால் விதை முளைப்பதைத் தடுக்காது. அது மூன்றாவது நான்காவது இலையில்தான் தன்னைக் காட்டும். ஆகவே இரண்டாவது சோதனை தேவை.

இரண்டாவதற்குப் பச்சைப்பயறு அல்லது பயற்றங்காய் விதை வேண்டும். குவியலின் ஒரே இடத்தில் எடுக்காமல் ஏழெட்டு இடங்களில் ஒவ்வொரு பிடி எடுத்துக் கலக்க வேண்டும். அதில் ஒரு பங்கோடு, முன்பு பயறு நன்றாக விளைந்த இடத்து மண் ஒரு பங்கு சேர்த்து மூன்று தொட்டிகளில் நிரப்பலாம். இன்னும் மூன்று தொட்டிகளில் அந்த நல்ல மண்ணை மட்டும் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் நான்கைந்து விதைகள் போட்டு, ஒரே வெயிலில், ஒரே அளவு நீர் ஊற்றி வளர்க்கலாம். ஒரு தொட்டியிலிருந்து வடியும் நீர் இன்னொன்றில் சேராதபடி தனித்தனித் தட்டில் வைப்பது முக்கியம். பழைய மருந்துக் கலனைத் தொட்டியாக்கக் கூடாது.

இரண்டு முதல் மூன்று வாரங்களில் முடிவு தெரிந்துவிடும். இரண்டு வரிசையும் ஒன்று போல் வளர்ந்தால் உரத்தைத் தைரியமாகப் போடலாம். உரத் தொட்டிகளில் மட்டும் இலை குவிந்து, தண்டு முறுக்கியிருந்தால் அந்த உரம் காய்கறிக்கு ஆகாது. இரண்டு வரிசையிலும் முறுக்கினால் உரத்தின் மேல் பழி இல்லை. நல்ல மண் என்று நினைத்ததிலோ, பக்கத்தில் யாரோ தெளித்து காற்றில் வந்த மருந்திலோ கோளாறு. நல்ல மண்ணைத் தனியாக வளர்க்கும் அந்த மூன்று தொட்டிகளைப் பலர் தேவையில்லை என்று விட்டுவிடுவார்கள். அவை இல்லாமல் காரணத்தைச் சொல்லவே முடியாது.

கெட்ட உரம் கையில் இருந்தால்

தூக்கி எறியத் தேவையில்லை. பிறருக்கு விற்கவோ கொடுக்கவோ மட்டும் கூடாது. புல்தரையிலோ சோளம், கரும்பு, செராய் போன்ற புல்லினப் பயிருக்கோ மெல்லியதாகப் பரப்பலாம். அந்தப் புல்லை மறுபடி உரக்குவியலில் சேர்த்தால் மருந்து வட்டமடித்துத் திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது.

ஏற்கெனவே காய்கறிப் பாத்தியில் போட்டாகிவிட்டது என்றால், மண்ணோடு நன்றாகக் கலந்து, ஈரம் காயாமல் வைத்து, சில வாரங்களுக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். இந்த மருந்துகளை உடைப்பவை மண்ணின் நுண்ணுயிர்கள். வெப்பமும் ஈரமும் அவற்றுக்கு உதவும். அந்த வகையில் குளிர் நாட்டினரைவிட மலேசியத் தோட்டக்காரருக்கு வாய்ப்பு அதிகம். சில மாதங்கள் கழித்து மறுபடியும் பயறு போட்டுப் பார்த்து, இலை நேராக வந்தால் மீண்டும் தக்காளி நடலாம். முறுக்கிப் போன செடியில் ஒன்றிரண்டு காய் பிடித்தாலும், சந்தேகம் இருக்கும்வரை அவற்றைச் சாப்பிடாமல் விடுவதே நல்லது.

மாடு வளர்ப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தோட்டத்தில் எந்தத் தீம்பாரில் என்றைக்கு மருந்து என்று மண்டோரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டால், மாட்டை அங்கே விடாமல் இருக்கலாம். அப்படி மேய்ந்துவிட்ட மாட்டுக்குக் குறைந்தது மூன்று நாளாவது மருந்து படாத புல் கொடுத்து, அந்த நாள்களின் சாணத்தைத் தனியாக ஒதுக்கிவிட்டால் பெரும் பகுதி ஆபத்து நீங்கும்.

வாங்கும்போது கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

மூட்டை உரம் வாங்கும்போது விலையை மட்டும் கேட்பது வழக்கம். இன்னும் நான்கு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். மாடு எங்கே மேய்ந்தது? அங்கே கடைசியாக எப்போது, என்ன மருந்து அடித்தார்கள்? குவியல் எத்தனை மாதம் மக்கியது, எத்தனை முறை கிளறப்பட்டது? விற்பவர் தாமே இந்த உரத்தில் பயறோ தக்காளியோ போட்டுப் பார்த்தாரா? கடைசிக் கேள்விக்கு விற்பவர் தம் தொட்டியையே காட்டினால் அதைவிட நல்ல சான்று வேறில்லை. உரம் விற்பவர்கள் ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஒரு பயறுத் தொட்டி வளர்த்துக் கடை முன் வைத்தால், வாங்குபவருக்கு நம்பிக்கை, விற்பவருக்கும் பாதுகாப்பு.

பாதிப்பு பெரிதாக இருந்தால், உரத்தில் ஒரு பையும், பாதிக்கப்பட்ட செடியின் படங்களும், வாங்கிய தேதியும் எடுத்து வைத்துக்கொண்டு மாவட்ட விவசாய அலுவலகத்தை அணுகலாம். நாட்டில் மருந்துகளைப் பதிவு செய்து கட்டுப்படுத்துவது 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் இயங்கும் பூச்சிக்கொல்லி வாரியம். அது விவசாயத் துறையின் கீழ்தான் செயல்படுகிறது. மருந்துக் கலனின் லேபிளைப் படம் பிடித்து வைத்திருந்தால் அதிகாரிகளுக்கு வேலை எளிதாகும். லேபிளில் உள்ள வேதிப் பெயரே முக்கியம். வியாபாரப் பெயர் மாறிக்கொண்டே இருக்கும்.

இந்தச் செய்திகளைப் படித்துவிட்டு, இனி மக்கு உரமே வேண்டாம், மூட்டை ரசாயன உரமே போதும் என்று முடிவு செய்பவர்களும் இருக்கலாம். அது பெரும் இழப்பாகும். வீட்டில் மக்க வேண்டிய காய்கறித் தோலும் சோற்றுக் கழிவும் குப்பை லாரியில் ஏறி, இந்த மாவட்டத்திலேயே இருக்கும் ஜெராம் குப்பை நிலத்துக்குத்தான் போய்ச் சேரும். நல்ல சாணி உரம் கொடுக்கும் மண்வளத்தை ரசாயன உரம் கொடுக்காது. வாங்கிய மூட்டையைப் பிரித்தவுடன் பாத்தியில் கொட்டாமல், ஆறு தொட்டியும் ஒரு பிடி பச்சைப்பயறும் வைத்து மூன்று வாரம் காத்திருந்தால் போதும்.